பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை

இரவு பத்து முதல் காலை ஆறு வரை
ஒரு பையனுக்கு முப்பத்திரண்டு கட்டங்கள்.
கட்டத்துக்குள் ஒரே எழுத்து: தூ.
தூங்குகிறான் என்று முழுதாய் எழுத
அகலம் போதாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து
போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்தபிறகே எழுதினேன்.
மூன்றாம் வாரம் ரோட்னி ஹால்வர்சன் சொன்னார்:
"இதெல்லாம் பத்தரைக்கே முடிச்சு வெச்சுடு,
துவைக்கிற துணி கெடக்கு."
மணிக்குப் பதின்மூன்று டாலர்.
முடித்து வைத்தேன்,
இனிமேல்தான் வரவேண்டிய தூக்கத்தை.

மொன்டானாவில் கடைசி பெட்ரோல் பங்க் தாண்டி
நாற்பது மைல் சரளைப் பாதை.
விளம்பரத் தாளில் குதிரைகள் இருந்தன.
அவை பக்கத்துப் பண்ணைக்காரருடையவை.
பையன்களின் ஷூக்களை ராத்திரி பூட்டிவைப்போம்.
பனியில் வெறும் காலுறையோடு
எவ்வளவு தூரம்தான் ஓடிவிட முடியும்?

கீகன் ப்ரூயட், டொலீடோக்காரன், பதினைந்து வயது.
கஞ்சா, பள்ளிக்கு மட்டம், உடைத்த ஒரு கார் கண்ணாடி.
கூலிக்கு வந்த இரண்டு ஆட்கள்
அதிகாலையில் படுக்கையிலிருந்தே தூக்கி வந்தார்கள்.
அப்பா கதவோரம் நின்றிருந்தாராம்,
கையில் அவன் ஜாக்கெட்டோடு.

முதல் படியில் இருப்பவன் பேசக்கூடாது.
ஜன்னல் பக்கம் திரும்பினால் மதிப்பெண் போகும்.
ஞாயிறு தோறும் பத்து நிமிடம் போன்,
பொத்தான்மேல் எங்கள் விரல்.
"வீட்டுக்கு" என்று அவன் தொடங்கினால்
வாக்கியம் அங்கேயே முடியும்.
பொய் சொல்வான், அது குணமாவதன் அறிகுறி என்று
அவன் அம்மாவுக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று.

ஆண்டுக்கொரு தடவை மாநிலத்திலிருந்து ஒரு அம்மாள் வருவார்.
ஒன்பது நாள் முன்னால் கடிதம் வந்துவிடும்.
அந்த வாரம் மட்டும் ஆரஞ்சுப் பழம், பன்றி வறுவல்.
தீயணைப்பான்களை எண்ணுவார்,
ஃபிரிட்ஜின் குளிரை அளப்பார்,
என் தாள்களைப் புரட்டுவார்.
"எவ்வளவு நேர்த்தியான கையெழுத்து!"
எனக்குக் காது வரை சிவந்தது,
வெட்கத்தால் அல்ல, பெருமையால்.

நவம்பரில் மூன்று நாள் வயிற்று வலி.
ரோட்னி ஒரே வார்த்தை எழுதினார்: நடிப்பு.
அன்று ஒரு மணிக்கு
கழிப்பறைத் தரையில் மடங்கிக் கிடந்தவன்
"சார், ப்ளீஸ்" என்றான்.
பேசினால் மதிப்பெண் போகும்டா என்றேன்.
அன்பாகத்தான் சொன்னேன்.
இதை வேறு எங்கும் நான் சொல்லவில்லை.

மூன்று ஐம்பதுக்கு
மேய்ச்சல் நிலத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது.
குதிரைகள் வேலியை முட்டிக்கொண்டு ஓடின.
நான்கு மணி: தூ.
நாலேகால்: தூ.
நாலரை: தூ.
வானத்தில் போய்க்கொண்டிருந்தவன்
என் தாளில் அயர்ந்து உறங்கினான்,
அவர்கள் அவன் முகத்தை மூடியபிறகும்
ஆறு மணி வரை.

மார்ச்சில் அதே அம்மாள் வந்தார்.
பதிவேடுகள் முழுமை என்று கையெழுத்திட்டார்.
இரண்டு வருடம் கழித்து ஒரு வக்கீலின் பென்சில் முனைதான்
நான்கு மணிக் கட்டத்தில் வந்து நின்றது.
அதற்குள் ரோட்னி ஐடஹோவில்
வேறு பெயர்ப் பலகை மாட்டிவிட்டார்.
தாளில் அதே குதிரைகள்.

ஹெலினாவில் நீதிமன்றத் தாழ்வாரம்,
தண்ணீர்க் குழாயோரம் அவன் அம்மா.
திட்டப்போகிறார் என்று நின்றேன்.
"எப்படிப் படுப்பான், ஒருக்களிச்சா, குப்புறவா?
சின்னதுல குப்புறத்தான் படுப்பான்."

அறுபத்தோரு இரவுகள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு தடவை
அவன் தூக்கத்துக்குச் சாட்சி எழுதியவன் நான்.
அந்த எழுத்தை மனசுக்குள் சொல்லிப்பார்த்தேன்,
யாரோ துப்புவது போல இருந்தது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
"குப்புறத்தாம்மா" என்றேன்.

கைப்பையின் ஜிப்பை மூடி, திறந்து,
மறுபடி மூடினார்.
நன்றி என்றார்.